சூடானால் மலை ஏறும் கார்

காலையில் எடுத்தால் எங்கள் கார் தங்கமான கார். அரை மணி நேரம் ஓட்டி, எங்காவது நிறுத்தி, பத்து நிமிஷம் கழித்து மறுபடி ஸ்டார்ட் செய்தால்தான் அதன் சுயரூபம் தெரியும். ஐடிலிங்கில் மூச்சு வாங்கும். முதல் கியரில் கிளட்சை விடும்போது ஒரு திணறல், உடனே ஒரு துள்ளல். பின்னால் வருகிறவர்கள் நான் வண்டி பழகுகிறேன் என்று நினைத்து இடைவெளி விட ஆரம்பித்தார்கள். பத்தொன்பது வருஷமாக ஓட்டுகிறவளுக்கு அது கொஞ்சம் வலித்தது.

இரண்டாவது வாரம் செக் இன்ஜின் விளக்கு எரிந்தது. மெக்கானிக் அண்ணன் ஸ்கேனரைச் செருகிப் பார்த்துவிட்டு, "பி0171 மேடம். லீன்னு காட்டுது" என்றார். காற்றுக்கு ஏற்ற பெட்ரோல் போகவில்லை, எவ்வளவு கூட்டிக் கொடுத்தும் போதவில்லை என்று ஈசியு, அதாவது இன்ஜினை நடத்தும் கம்ப்யூட்டர், புகார் எழுதி வைத்திருக்கிறது என்று அர்த்தம். காற்று எங்காவது திருட்டுத்தனமாக உள்ளே போகிறதா என்று ஹோஸ் ஹோஸாகப் பார்த்தார். ஒன்றும் இல்லை. ஃபியூயல் பிரஷர் கேஜ் போட்டுப் பார்த்தார், சரியாக இருந்தது. இன்ஜெக்டர்களைக் கழற்றிச் சுத்தம் செய்தார். புகையில் மிஞ்சும் ஆக்சிஜனைப் பார்த்து ஈசியுவுக்குச் சொல்லும் ஆக்சிஜன் சென்சாரை மாற்றினார். விளக்கை அணைத்து அனுப்பினார். நாலாம் நாள் விளக்கு திரும்பி வந்தது.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். அந்த எரர் கோட் வந்தால் யாரும் அந்த வரிசையில்தான் போவார்கள். ஆனால் எனக்குத் தொழில் கணக்குத் தணிக்கை. ஒரு தொகை இடிக்கிறது என்றால், அந்தத் தொகையை எழுதியவர் யார், அவர் எதைப் பார்த்து எழுதினார் என்று பின்னாலேயே போய்ப் பழகிவிட்டது. புளூடூத்தில் போனோடு பேசும் ஒரு சின்ன ஓபிடி அடாப்டர் வாங்கினேன். ஸ்டீயரிங்குக்குக் கீழே இருக்கும் சாக்கெட்டில் செருகினால் ஈசியு பார்க்கிற எண்களையெல்லாம் நாமும் பார்க்கலாம்.

முதலில் பார்த்தது ஃபியூயல் டிரிம். பெட்ரோலை எவ்வளவு கூட்டியோ குறைத்தோ கொடுக்கிறோம் என்று ஈசியு தானே வைத்திருக்கும் திருத்தக் கணக்கு அது. அந்தந்த நொடிக்கான திருத்தம் ஒன்று, நாள்பட்ட அனுபவத்தில் கற்று வைத்த திருத்தம் ஒன்று. ஒழுங்கான வண்டியில் இரண்டும் சேர்ந்து பத்து சதவீதத்துக்குள் அடங்கும். எங்கள் காரில் நாள்பட்ட திருத்தம் ப்ளஸ் 18. சூடாக ஐடிலிங்கில் நிற்கும்போது அதற்கு மேலும் ப்ளஸ் 4.

வேடிக்கை அடுத்த நாள் காலையில். ஆறிய வண்டியை ஸ்டார்ட் செய்து, ஆக்சிஜன் சென்சார் விழித்துக்கொண்டதும் பார்த்தால், நொடித் திருத்தம் மைனஸ் 14. நேற்றுக் கற்று வைத்த 18 சதவீதத்தை இன்று காலை வேண்டாம் என்று வெட்டித் தள்ளிக்கொண்டிருக்கிறது. பதினைந்து இருபது நிமிஷத்தில் அந்த மைனஸ் கரைந்து, பூஜ்யமாகி, திரும்பவும் ப்ளஸ் பக்கம் போனது. காலையில் வண்டியைச் சுற்றி லேசாகப் பெட்ரோல் வாசம் அடிக்கிறது என்று என் மகள் முன்பே சொல்லியிருந்தாள். நான்தான் பிரமை என்று விட்டுவிட்டேன்.

ஓட்டை என்றால் காலையிலும் ஓட்டைதான், மாலையிலும் ஓட்டைதான். இங்கே சூடு ஏற ஏற ஒரு கணக்கு நழுவிக்கொண்டே போகிறது. யார் கணக்கு?

எங்கள் காரில் காற்றின் அளவைச் சொல்வது மேப் சென்சார். வரைபடத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மேனிஃபோல்டு அப்சல்யூட் பிரஷர் என்பதன் சுருக்கம். சில கார்களில் மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் இருக்கும். அது கிடங்கு வாசலில் உட்கார்ந்து உள்ளே போகும் மூட்டைகளை எண்ணும் ஆள். மேப் சென்சார் வாசலில் நிற்பதில்லை. கிடங்குக்கு உள்ளே, அதாவது இன்ஜினுக்குக் காற்றைக் கொண்டுபோகும் இன்டேக் மேனிஃபோல்டு என்ற குழாய்க்குள், இப்போது எவ்வளவு அழுத்தம் இருக்கிறது என்று மட்டும் சொல்லும். அந்த அழுத்தம், காற்றின் வெப்பநிலை, இன்ஜின் சுற்றும் வேகம் மூன்றையும் வைத்து இத்தனை காற்று போயிருக்கும் என்று ஈசியு கணக்குப் போட்டு, அதற்கேற்பப் பெட்ரோல் தெளிக்கச் சொல்கிறது.

இந்த வித்தியாசம் எனக்கு முதலில் உறைக்கவில்லை. உறைத்ததும்தான் நூல் நுனி கிடைத்தது. பின்வாசல் வழியாகக் காற்று கசிந்தால் வாசலில் எண்ணுகிறவருக்கு அது தெரியாது. பெட்ரோல் குறைந்து லீன் ஆகும். ஆனால் கிடங்குக்குள் பார்க்கிறவருக்குப் பின்வாசல் சரக்கும் கண்ணில் படும். அழுத்தம் கூடும், அவர் கூடுதல் எண்ணைச் சொல்வார், ஈசியு பெட்ரோலையும் கூட்டும். ஐடிலிங் ஏறலாமே தவிர இவ்வளவு பெரிய லீன் புகார் வரக் கூடாது. அதாவது, கசிவு இருந்தால் மேப் எண் ஏற வேண்டும். எங்கள் காரில் சூடான ஐடிலிங்கில் அது 26 கிலோபாஸ்கல் காட்டியது. பெட்ரோல் இன்ஜினுக்குப் பொதுவாக 30 முதல் 40 வரை சொல்வார்கள். வெளிக்காற்றை விட உள்ளே அழுத்தம் எவ்வளவு குறைவோ அதுதான் வேக்குவம். பன்னிரண்டு வருஷம் ஓடித் தேய்ந்த இன்ஜின், புது இன்ஜினே வெட்கப்படும் அளவுக்கு வேக்குவம் இழுக்கிறதாம். நஷ்டத்தில் ஓடும் கம்பெனி திடீரென்று அதிக லாபம் காட்டினால் எங்கள் ஆபீஸில் யாரும் கைதட்ட மாட்டார்கள்.

சென்சாரைச் சோதிக்க நான் செய்த முதல் சோதனை நல்ல சோதனைதான், செய்த நேரம்தான் தப்பு. சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் விட்டால், மேனிஃபோல்டுக்குள் இருப்பது வெளிக்காற்றின் அழுத்தமேதான். ஆகவே மேப் எண்ணும் வெளி அழுத்தமும் ஒன்றாக இருக்க வேண்டும். கடல்மட்டத்தில் அது 101 கிலோபாஸ்கலை ஒட்டி இருக்கும். வெளி அழுத்தத்துக்கு எங்கே போவது? என் போனிலேயே பாரோமீட்டர் இருந்தது. எல்லாப் போனிலும் இருக்காது, பலவற்றில் இருக்கிறது, அதைக் காட்டும் இலவச ஆப்புகளும் இருக்கின்றன. ஒரு எச்சரிக்கை: வானிலை ஆப்பில் வரும் அழுத்தத்தை எடுத்துக்கொள்ளாதீர்கள். அது கடல்மட்டத்துக்கு மாற்றிக் கணக்கிட்ட எண். மேட்டில் இருப்பவர்கள் அதை நம்பினால் நல்ல சென்சாரையும் தூக்கிப் போட்டுவிடுவார்கள். போனில் உள்ள சென்சார் நேரில் உணரும் எண்தான் வேண்டும்.

போன் 1006 ஹெக்டோபாஸ்கல் என்றது. பத்தால் வகுத்தால் 100.6 கிலோபாஸ்கல். கார் 100 என்றது. ஓபிடியில் இந்த எண் முழு எண்ணாகத்தான் வரும், ஆகவே தசமம் போனதில் குற்றமில்லை. டேலி. சென்சார் நிரபராதி என்று நானே தீர்ப்பு எழுதிவிட்டு இரண்டு வாரம் வேறு எங்கெங்கோ தேடினேன். சோதித்தது காலை ஆறரை மணிக்கு, ராத்திரி முழுக்க ஆறிக் கிடந்த வண்டியில்!

(போன் பாரோமீட்டரும் கார் சென்சாரும் பெரும்பாலும் ஒரே குலம். அழுத்தத்தில் வளையும் ஒரு துளி சிலிக்கான், வளைந்தால் மாறும் அதன் மின்தடை. சிலிக்கானுக்கு அந்தக் குணம் இருப்பதை 1954 இல் சார்ல்ஸ் ஸ்மித் என்பவர் கண்டு எழுதினார். சிலிக்கான் காருக்குள் வருவதற்கு முன்னாலேயே மேனிஃபோல்டு அழுத்தத்தைப் பார்த்துப் பெட்ரோல் தெளிக்கும் முறை வந்துவிட்டது: 1967 இல் பாஷ் கொண்டுவந்த டி-ஜெட்ரானிக். அந்த டி, அழுத்தத்தைக் குறிக்கும் ட்ரூக் என்ற ஜெர்மன் சொல்லின் முதல் எழுத்து. அதன் சென்சாருக்குள் இருந்தவை பழைய சுவர் பாரோமீட்டரில் இருப்பது போன்ற, காற்று நீக்கிய உலோக டப்பிகள். இதையெல்லாம் படித்ததுதான் அந்த இரண்டு வாரத்தின் ஒரே லாபம்.)

மாட்டிக்கொண்டது தற்செயலாக. ஒரு சாயங்காலம் வேலை முடிந்து வந்து, மகளை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு, அவள் ஏதோ மறந்துவிட்டாள் என்று திரும்பி உள்ளே ஓட, நான் வண்டியை அணைத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன். நேரம் போக வேண்டுமே என்று சாவியை ஆன் நிலைக்குத் திருப்பி ஆப்பைத் திறந்தேன். 92.

போனைப் பார்த்தேன். 1005.

சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு மறுபடி ஆன் செய்தேன். 92. இன்ஜின் ஓடவில்லை, வேக்குவம் இல்லை, மேனிஃபோல்டுக்குள் இருப்பது நான் சுவாசிக்கிற அதே காற்று. அந்தக் காற்றின் அழுத்தம் 92 கிலோபாஸ்கல் என்றால் நான் கடல்மட்டத்திலிருந்து கிட்டத்தட்ட 800 மீட்டர் உயரத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும். வெளி அழுத்தத்துக்கென்று தனி சென்சார் இல்லாத பல கார்களில், சாவி போட்ட கணத்தில் மேப் சொல்வதைத்தான் ஈசியு ஊர் அழுத்தமாக எடுத்துக்கொள்ளும். சூடானதும் என் கார் மலை ஏறிவிட்டதாக நினைத்துக்கொண்டு, மலைக்காற்றுக்கு ஏற்றபடி பெட்ரோலைச் சுருக்கிக்கொண்டிருந்திருக்கிறது.

அப்படியே சென்சார் வாங்க ஓடியிருக்கலாம். ஆனால் ஒரு முறை அவசரத் தீர்ப்பு எழுதியாகிவிட்டது. எண் தப்பு என்பது உறுதி. தப்பைச் செய்தது சென்சாரா, அதற்குப் போகும் வயரா என்பது இன்னும் தெரியாது. இந்த சென்சாருக்கு ஈசியுவிலிருந்து 5 வோல்ட் வருகிறது, ஒரு எர்த் வருகிறது, அழுத்தத்துக்கான சிக்னல் திரும்பிப் போகிறது. எங்கள் காரில் காற்றின் வெப்பநிலையைச் சொல்லும் நாலாவது வயரும், சென்சாரில் செருகும் அதே கப்ளரில் இருக்கிறது. 5 வோல்ட் வரும் வழியில் பாதி தின்னப்பட்டால் சிக்னல் இறங்கும். எர்த் சரியில்லாமல் மிதந்தால் சிக்னல் ஏறும். இரண்டு விதத்திலும் பழி சென்சார் தலையில்தான் விழும்.

மறுநாள் வண்டியைச் சூடாக்கிவிட்டு பானெட்டைத் திறந்தேன். கப்ளரைக் கழற்றவில்லை. கழற்றிவிட்டால் லோடு இல்லாத வயரைத்தான் அளப்போம், நலிந்த வயரும் அப்போது நல்ல எண்ணையே காட்டும். கப்ளரின் பின்பக்கம், வயர் உள்ளே நுழையும் ரப்பரை ஒட்டி, மெல்லிய ஊசியைச் சொருகி மல்டிமீட்டரை வைத்தேன். வயரின் தோலைக் குத்தாதீர்கள். இன்றைக்குக் குத்திய ஓட்டையில் நாளைக்கு ஈரம் இறங்கும். சாவி ஆனில் இருந்ததால் நான் குனிந்திருக்கும்போதே ரேடியேட்டர் ஃபேன் திடீரென்று சுற்ற ஆரம்பித்து உயிரே போய்விட்டது. துப்பட்டாவைக் கழற்றி உள்ளே வைத்துவிட்டு வந்தது எவ்வளவு நல்லது என்று அப்போது தெரிந்தது.

5 வோல்ட் வயரில் 5.02. எர்த் வயருக்கும் பேட்டரி நெகட்டிவுக்கும் இடையில் 10 மில்லிவோல்ட், அது ஒன்றுமே இல்லை. சிக்னல் 3.72 வோல்ட். காலையில் ஆறியிருந்தபோது அதே இடத்தில் 4.07 அளந்து எழுதி வைத்திருந்தேன். வரவு சரியாக வருகிறது, எர்த் சுத்தம், வெளியே போகும் எண் மட்டும் தப்பு. வயர்களை ஒவ்வொன்றாக ஆட்டிப் பார்த்தேன், எண் அசையவில்லை. ஈசியுவும் தனக்குச் சொன்ன 3.72ஐ 92 என்று ஒழுங்காகத்தான் மொழிபெயர்த்துக்கொண்டிருந்தது.

எழுதி வைத்த காகிதத்தோடு மெக்கானிக் அண்ணனிடம் போனேன். பெண் ஒருத்தி மல்டிமீட்டர் கணக்கோடு வந்து நின்றால் சிலருக்கு முகம் கோணும். அவர் காகிதத்தை வாங்கி இரண்டு தடவை படித்துவிட்டு, "இருங்க மேடம்" என்று உள்ளே போய், பழைய டப்பா ஒன்றிலிருந்து வேக்குவம் கேஜை எடுத்து வந்தார். முள் வைத்த கேஜ், பாதரச அங்குலத்தில் அளவு. கார்புரேட்டர் காலத்துச் சாமான் என்றார். மேனிஃபோல்டிலிருந்து பிரேக் பூஸ்டருக்குப் போகும் ஹோஸில் T வடிவ இணைப்பு போட்டு கேஜை மாட்டி, சூடான இன்ஜினை ஐடிலிங்கில் விட்டோம். முள் 20இல் ஆடாமல் நின்றது.

ஒரு அங்குலப் பாதரசம் ஏறக்குறைய 3.39 கிலோபாஸ்கல். இருபது அங்குலம் 67.7. அன்றைய வெளி அழுத்தம் 100.6 இலிருந்து கழித்தால் 32.9. மேனிஃபோல்டுக்குள் உண்மையில் இருப்பது 33. அதே நொடியில் ஸ்கேனர் 26 என்று சொல்லிக்கொண்டிருந்தது. அண்ணன் கால்குலேட்டரைப் பார்த்தார், ஸ்கேனரைப் பார்த்தார். "ஏழு அடிச்சிருக்கான்" என்றார். எங்கள் ஆபீஸில் கையாடலைக் கண்டுபிடித்தால் மேலாளர் சொல்லும் அதே தொனி.

அந்த ஏழுக்குப் பின்னால் ஒரு விஷயம் இருக்கிறது. 33இல் ஏழு போனால் அது ஐந்தில் ஒரு பங்கு. நெடுஞ்சாலையில் மேனிஃபோல்டு அழுத்தம் 70ஐத் தொடும்போது அதே அளவு பொய் பத்தில் ஒரு பங்கு, அவ்வளவுதான். அதனால்தான் ஐடிலிங்கில் டிரிம் எகிறி, வேகம் கூடினால் தணிந்திருக்கிறது. வாசலில் எண்ணும் சென்சார் உள்ள கார்களில் வேக்குவம் கசிவின் அடையாளமும் அச்சு அசலாக இதேதான். அண்ணன் ஹோஸ்களைத் தடவிக்கொண்டிருந்ததற்குக் காரணம் இருந்தது.

சரி, இந்த சென்சாருக்கென்று ஏன் எரர் கோட் வரவில்லை என்று கேட்கலாம். பி0107, பி0108 என்று இருக்கின்றன. சிக்னல் அநியாயத்துக்குக் கீழே விழுந்தாலோ மேலே போய் ஒட்டிக்கொண்டாலோதான் அவை வரும், அதாவது வயர் அறுந்தது, ஷார்ட் ஆனது போன்ற விவகாரங்களுக்கு. பி0106 எண் பொருத்தமாக இருக்கிறதா என்று பார்க்கும். ஆனால் 92 பொருத்தமில்லாத எண் இல்லையே. உண்மையிலேயே மலை மேல் நிற்கும் காரில் சரியான சென்சாரே 92 சொல்லும். கோடி ரூபாயைத் தூக்குகிறவன் உடனே மாட்டுவான், நாள்தோறும் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பவன் ரிட்டையர் ஆகிப் பார்ட்டியும் வாங்கிக்கொண்டு போவான் என்று எங்கள் சீனியர் சொல்வார்.

சென்சாரைக் கழற்றினோம். ஒரே ஒரு ஸ்க்ரூ, திருகி இழுத்தால் ஓ-ரிங்கோடு வந்துவிடும். மூக்கில் கறுப்பாக, விரலால் தொட்டால் ஒட்டும் எண்ணெய்ப் பசை. அது மட்டும்தான் காரணமோ என்று துணியால் துடைத்துவிட்டு மாட்டிப் பார்த்தோம், சூட்டில் அதே 92. உள்ளே குண்டூசியை விட்டு நோண்ட வேண்டாம், அந்தத் துளையின் அடியில்தான் சிலிக்கான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்து எனக்கே எனக்காக ஒரு கடைசிச் சோதனை. சென்சாரைக் கழற்றி, கப்ளரோடு தொங்கவிட்டு, மேனிஃபோல்டின் ஓட்டையைச் சுத்தமான துணியால் மூடி, சாவியை மட்டும் ஆன் செய்தேன். மகள் கையில் ஹேர் டிரையர், என் கையில் போன். 100. காற்று பட ஆரம்பித்து ஒரு நிமிஷம் எதுவும் இல்லை. பிறகு 99. 98. "அம்மா, இன்னும் கிட்ட காட்டவா?" 96. 95. நாலைந்து நிமிஷத்தில் 93க்கு வந்து நின்றது. டிரையரை அணைத்தோம். ஆற ஆற, ஏறியது. அவளுக்கு அது விளையாட்டாகிவிட்டது, மூன்று முறை மலை ஏற்றி இறக்கினாள்.

புது சென்சார் போட்ட அன்று, நல்ல சூட்டில் சாவி ஆன் செய்து பார்த்தேன்: 100. போன்: 1004. கற்று வைத்த திருத்தங்களை அண்ணன் ஸ்கேனரில் அழித்துவிட்டார். ஒரு வாரம் ஓட்டிய பிறகு நாள்பட்ட திருத்தம் ப்ளஸ் 2இல் உட்கார்ந்தது, காலையிலும் சரி மாலையிலும் சரி. ஆக்சிஜன் சென்சார் பாவம், ஒன்றும் செய்யாமல் பதவி போனது.

போன வாரம் அண்ணன் போன் செய்தார். அவர் போனிலும் பாரோமீட்டர் இருக்கிறதாம், ஆப்பை இறக்கியிருக்கிறார். "மேடம், ஒரு வண்டி வந்திருக்கு. சாவி போட்டா 89 காட்டுது. நம்ம போன்ல 1005."

"சூடா இருக்காண்ணா?"

"இல்ல மேடம், நேத்து ராத்திரியிலேர்ந்து நிக்குது."

"அப்ப முதல்ல அஞ்சு வோல்ட் முழுசா வருதான்னு பாருங்கண்ணா. கப்ளரைக் கழட்டாம."